படிவுப் பாறைகள் கூறும் பழங்கால இடப்பெயர்ச்சி

உல்லாஸ்நகரைச் சூழ்ந்த குன்றுகளிற் காணப்படும் கரும்பாறை, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் ஆகும். ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அக்குழம்பு அடுக்கடுக்காகப் பரவித் தக்காணத்தின் பெரும்பகுதியை மூடிற்று. குழம்பு பாயாத இடைக்காலங்களில் நீர்நிலைகளிற் சேறு படிந்தது. மும்பையின் வொர்லியில் இத்தகைய இடைப்படிவு உண்டு. அதிற் கிடைத்த சிறு தவளையின் புதைபடிவத்தை 1847-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஓவன் விவரித்தார்.

நிலப்பகுதிகளைத் தாங்கிய புவித்தகடுகள் முன்னர் எங்கிருந்தன என்பதற்குப் படிவுப் பாறைகள் இருவகைச் சான்று தருகின்றன. முதலாவது தட்பவெப்பம். இன்று வெப்பம் மிகுந்த ஒடிசாவின் தால்ச்சேரில், நுண்சேற்றினிடையே பெரும் உருண்டைக் கற்கள் பதிந்துள்ளன. பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் 1856-ஆம் ஆண்டில் இவற்றைப் பனிக்கட்டியின் செயலெனக் கருதினர். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய இத்தகைய படிவுகள் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவற்றிலும் உள. இவையனைத்தும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாகத் தென்துருவத்தை அடுத்திருந்தன.

இரண்டாவது காந்தம். சேறு படியும்பொழுது அதிலுள்ள இரும்புத்தாதுத் துகள்கள் அக்காலப் புவிக்காந்தத்தின் திசையில் அமைகின்றன. காந்தச் சாய்கோணத்தின் டேஞ்சென்ட், அட்சரேகைக் கோணத்தின் டேஞ்சென்டைப்போல் இருமடங்காகும். ஆகவே 30 பாகை அட்சரேகையில் சாய்கோணம் ஏறக்குறைய 49 பாகை. உல்லாஸ்நகரின் 19 பாகையில் ஏறக்குறைய 35 பாகை.

ஆயினும் மேலே சேரும் படிவின் எடையால் சேறு அமுங்கும். துகள்களின் சாய்வும் குறையும். அதனால் நிலம் நடுக்கோட்டிற்கு அண்மையிலிருந்ததாகப் பொய்த்தோற்றம் விளையும். குளிர்ந்துறைந்த பசால்ட்டில் இவ்வமுக்கம் இல்லை. எனவே இடைப்படிவை மேலும் கீழுமுள்ள பசால்ட்டுடன் ஒப்பிட்டே முடிவு காணுதல் வேண்டும். கிளெக், டாயிட்ஷ், கிரிஃபித்ஸ் ஆகியோர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தக்காணப் பசால்ட் உறைந்தபொழுது இந்தியா தென் அரைக்கோளத்தில் இருந்ததெனக் காட்டிற்று.

களப்பணியாளர் மாதிரியைப் பெயர்க்குமுன் வடதிசை, மேற்புறம், கிடைமட்டம் ஆகியவற்றைக் கல்லிலேயே குறித்தல் இன்றியமையாதது. மும்பையின் அடுக்குகள் மேற்கே சாய்ந்துள்ளமையால் அடுக்கின் சாய்வையும் அளத்தல் வேண்டும். இன்றேல், பின்னாளில் பாறை சாய்ந்தது கண்டத்தின் பயணமாகக் கணக்கிடப்பட்டுவிடும். திசை குறியாது பெயர்த்த கல்லுக்கு அத்திசையை மீண்டும் அளித்தல் இயலாது. கட்டட அடித்தளத்தின்கீழ் மறைந்த படிவிலோ மறுமுறை அளக்கவும் வழியில்லை. ஆசிரியர்கள் மாணவர்க்கு இவ்வளவைகளைக் குன்றுகளிலேயே கற்பிக்கலாம். அதற்குத் திசைகாட்டியும் சாய்வுமானியும் போதும்.