சம்பளம் 10, கெடு 5

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லைன் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்களுக்கு 10ஆம் தேதிதான் சம்பளம் ஏறும். 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் 7ஆம் தேதிக்குள், அதற்கு மேல் ஆள் இருந்தால் 10ஆம் தேதிக்குள் என்று வகுத்திருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை எல்லோருக்கும் 7க்குள் கொடு என்கிறது. என் கிரெடிட் கார்டின் கெடுவோ 5. எப்படிப் பார்த்தாலும் பணம் பின்னால்தான் வரும்.

2024 ஆகஸ்ட் 20 அன்று அம்மாவுக்கு 12,000 ரூபாயில் ஒரு பிரிட்ஜ் வாங்கினேன். அறை வாடகை, மெஸ், ஊருக்கு அனுப்பியது போக, மாதம் 25 தாண்டினால் என் கையில் எதுவும் நிற்காது. அதனால் அக்டோபர் 5இல் கட்ட வேண்டியதை 10ஆம் தேதி, சம்பளம் ஏறிய அன்றே கட்டினேன். ஐந்து நாள் வட்டிதானே என்று நினைத்தேன். கெடு தவறினால் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது எனக்குத் தெரியாது. மாதம் மூன்றரை சதவீதம், 51 நாள்: 704 ரூபாய். தாமதக் கட்டணம் தனி. இரண்டுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அந்த பில்லை இன்னும் வைத்திருக்கிறேன்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "டியூ டேட்டை மட்டும் தனியா மாத்த முடியாது மேடம், பில்லிங் டேட்டை மாத்தலாம்" என்றார் அந்தப் பையன். விஷயமே அதில்தான் இருக்கிறது. பில் போடும் நாளிலிருந்து ஏறத்தாழ 20 நாள் கழித்துத்தான் கெடு வரும். எனக்கு 16இல் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை 25க்கு மாற்றச் சொன்னேன். கெடு தானாக அடுத்த மாதம் 14, 15க்குப் போனது. முதலில் பழைய பாக்கியை முழுக்க அடைக்கச் சொன்னார்கள். மாற்றிய மாதம் பில் காலம் 39 நாளாக நீண்டதால் தொகையும் கூடிவந்தது. அந்த மாதம் மட்டும் செலவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ டெபிட் போட்டிருப்பவர்கள் அது எந்தத் தேதியில் பிடிக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது வங்கி பார்த்துச் செய்யும் சலுகை இல்லை. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையிலேயே பில் சுழற்சியை ஒருமுறை மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்தது. 2024 மார்ச் திருத்தம் அதைக் 'குறைந்தது ஒருமுறை' என்றாக்கி, ஹெல்ப்லைன், மின்னஞ்சல், நெட் பேங்கிங், செயலி எனப் பல வழிகளில் கேட்க இடம் கொடுக்கச் சொன்னது. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்பதும் அதே நெறிமுறைதான். நான் தாண்டியது ஐந்து நாள்.

என் அறையில் இருக்கும் தங்கச்சி கான்ட்ராக்டில் வேலை செய்கிறாள். அவளுக்குச் சம்பளம் 12இல் வரும், கார்டு கெடு 3. நேற்று இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்ததும், பில்லிங் டேட்டை எந்தத் தேதிக்குக் கேட்கலாம் அக்கா என்று காலண்டரோடு உட்கார்ந்தாள். 27 என்று வட்டம் போட்டோம்.