உங்களுக்குத் தெரியுமா? சென்னை கடைசி இடத்துக்குப் போன கதை

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவுக்கு இரட்டைக் கொண்டாட்டம். பகலில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம். இரவு ஏழரைக்கு ஐபிஎல். ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை, பொகவந்தலாவை என எந்தப் பக்கம் போனாலும் மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகளைப் பார்க்கலாம். அந்த மஞ்சள் அணி 2025இல் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். தோல்விக்குள்ளே கவனிக்காமல் விட்ட சில செய்திகளை இந்த வாரம் தொகுத்திருக்கிறோம்.

சறுக்கல்

● 2025இல் சென்னை சுப்பர் கிங்ஸ் ஆடியது 14 போட்டிகள். வென்றது 4, தோற்றது 10. எட்டுப் புள்ளிகளோடு பத்தாவது இடம். 2008இல் ஐபிஎல் தொடங்கிய நாளிலிருந்து சென்னை பட்டியலின் அடியில் முடித்தது அதுவே முதல் தடவை.

● அதற்கு முன் இருந்த பெருமையையும் சொல்ல வேண்டும். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை சம்பியன். மொத்தம் 10 இறுதிப் போட்டிகள். தடை காரணமாக ஆடாத 2016, 2017ஐ விட்டுவிட்டால், 2019 வரை ஆடிய 10 பருவங்களிலும் ப்ளே ஓஃப் சுற்றை எட்டாமல் இருந்ததே இல்லை.

● ஆனால் நோய் 2025இல் வந்ததல்ல. 2020இல் ஏழாவது இடம். 2022இல் இதே போல 4 வெற்றி, 10 தோல்வி, ஒன்பதாவது இடம். 2024இல் மே 18ஆம் திகதி பெங்களூருவிடம் தோற்று, நிகர ஓட்ட வேகத்தால் ப்ளே ஓஃப் வாய்ப்பை இழந்தது. நடுவில் வந்த 2021, 2023 கிண்ணங்கள் இந்தச் சரிவை மறைத்துவிட்டன.

● இவ்வளவு மோசமான பருவம் ஒரு வெற்றியோடுதான் தொடங்கியது. மார்ச் 23ஆம் திகதி சொந்த மைதானமான சேப்பாக்கத்தில் மும்பையை 4 விக்கெட்டுகளால் வென்றது சென்னை. ஆப்கானிஸ்தானின் நூர் அஹ்மத் 18 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். அடுத்த ஐந்து போட்டிகளிலும் வரிசையாகத் தோல்வி. ஐந்து போட்டிகளில் தொடர்ந்து தோற்பது சென்னைக்கு அதுவரை நேராதது.

கோட்டை விழுந்தது

● சேப்பாக்கத்தில் சென்னையை வெல்வது கடினம் என்பது ஐபிஎல்லின் பழைய பாடம். 2025இல் அது ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தது. பெங்களூரு 2008க்குப் பிறகு, அதாவது 17 ஆண்டுகள் கழித்து, அங்கே வென்றது. டெல்லி 2010க்குப் பிறகு வென்றது. ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அந்த மைதானத்தில் சென்னையை முதன்முறையாக வென்றது. சேப்பாக்கத்தில் ஆடிய 6 போட்டிகளில் சென்னைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி.

● பெங்களூருவிடம் தோற்ற அன்று பயிற்றுநர் ஸ்டீபன் ஃபிளெமிங் வெளிப்படையாகவே பேசினார். சேப்பாக்கத்தில் சொந்த மைதானம் என்ற சாதகம் இப்போது இல்லை, இதைச் சில ஆண்டுகளாகவே சொல்லி வருகிறோம் என்றார். ஆடுகளத்தின் போக்கைக் கணிக்க முடியாதபோது, அந்த ஆடுகளத்தை நம்பிச் சேர்த்த சுழல் பந்துவீச்சாளர்களும் பலன் தரவில்லை. 9.75 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்ட ரவிச்சந்திரன் அஸ்வின் 9 போட்டிகளில் 7 விக்கெட்டுகளே எடுத்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார்.

● தோல்விக்குக் காரணம் விக்கெட்டுகள் சரிந்ததா? இந்த மூன்று கணக்கைப் பாருங்கள். ராஜஸ்தானுக்கு எதிராக 6 விக்கெட் இழந்து 176. தோல்வி 6 ஓட்டங்களால். டெல்லிக்கு எதிராக 5 விக்கெட் இழந்து 158. தோல்வி 25 ஓட்டங்களால். பஞ்சாபுக்கு எதிராக 5 விக்கெட் இழந்து 201. தோல்வி 18 ஓட்டங்களால். மூன்றும் அடுத்தடுத்த போட்டிகள். மூன்றிலும் கையில் விக்கெட் இருந்தது, பந்துதான் தீர்ந்துபோனது. டெல்லிக்கு எதிராக விஜய் சங்கர் ஆட்டமிழக்காமல் 69 எடுத்தார். அதற்கு 54 பந்துகள் செலவாகின. விக்கெட்டைக் காப்பாற்றி வைத்துக் கடைசியில் அடிப்பது பழைய முறை. மற்ற அணிகள் முதல் ஓவரிலிருந்தே அடிக்கும் காலத்தில் சென்னை பழைய முறையிலேயே நின்றது.

● ஏப்ரல் 11ஆம் திகதி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக நடந்தது இன்னும் வேதனை. 20 ஓவரும் ஆடி 9 விக்கெட் இழந்து 103. அந்த மைதானத்தில் சென்னையின் மிகக் குறைந்த ஓட்டம் அதுதான். சுனில் நரைன் 13 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் வீழ்த்தினார். பிறகு துடுப்பெடுத்து 18 பந்துகளில் 44 அடித்தார். கொல்கத்தா 10.1 ஓவரில் ஆட்டத்தை முடித்துவிட்டது. 59 பந்துகள் மீதமிருந்தன. மஞ்சள் கொடியோடு வந்தவர்கள் பேச்சின்றி எழுந்து போனார்கள்.

● அன்றைய போட்டிக்கு முதல் நாள்தான் அணித்தலைவர் ருத்துராஜ் கெய்க்வாட் முழங்கை முறிவால் விலகினார். மார்ச் 30ஆம் திகதி குவாஹாட்டியில் ராஜஸ்தானின் துஷார் தேஷ்பாண்டே வீசிய பந்து தாக்கியதால் வந்த காயம் அது. 43 வயதில் எம்.எஸ். தோனி மீண்டும் தலைவரானார். ஏப்ரல் 14ஆம் திகதி லக்னோவில் 11 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 26 அடித்து வெற்றி தேடித் தந்தார். ஐபிஎல்லில் ஆட்ட நாயகன் விருது பெற்ற மிக மூத்த வீரர் ஆனதும் அன்றுதான்.

● ஏப்ரல் 30ஆம் திகதி பஞ்சாபின் யுஸ்வேந்திர சஹல் ஒரே ஓவரில் ஹெட்ரிக்கோடு 4 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அந்தத் தோல்வியோடு, 2025இல் ப்ளே ஓஃப் வாய்ப்பை இழந்த முதல் அணியானது சென்னை.

நம்மவர்கள்

● ஏப்ரல் 25ஆம் திகதி சென்னையை மடக்கியதில் பெரும் பங்கு ஓர் இலங்கையருக்கு உண்டு. 25 பந்துகளில் 42 எடுத்து மிரட்டிக்கொண்டிருந்த டெவல்ட் ப்ரெவிஸ் அடித்த பந்தை, எல்லைக்கோட்டருகே முழு உடலையும் காற்றில் நீட்டிப் பாய்ந்து பிடித்தார் ஹைதராபாத்தின் கமிந்து மெண்டிஸ். பிறகு ஆட்டமிழக்காமல் 32 ஓட்டங்கள் எடுத்து வெற்றியையும் முடித்து வைத்தார்.

● 2025 பட்டியலில் சென்னைக்கு ஒரு படி மேலே, ஒன்பதாவது இடத்தில் இருந்தது ராஜஸ்தான். அந்த அணிக்கும் அதே 4 வெற்றி, அதே 8 புள்ளி. நிகர ஓட்ட வேகம்தான் இரண்டையும் பிரித்தது. அந்த ராஜஸ்தானில் வனிந்து ஹசரங்க, மஹீஷ் தீக்ஷண என இரண்டு இலங்கையர். குவாஹாட்டியில் சென்னையின் 4 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஹசரங்கதான்.

● கண்டியில் பிறந்து திரித்துவக் கல்லூரியில் படித்த மத்தீஷ பத்திரண, 2023இல் சென்னை சம்பியனானபோது 19 விக்கெட்டுகள் எடுத்தவர். 2025க்கு முன் 13 கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்டார். ஆனால் அந்தப் பருவத்தில் கிடைத்தது 13 விக்கெட்டுகள்தான். பருவம் முடிந்ததும் விடுவிக்கப்பட்டார். 2025 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு வாங்கியது. ஒரு பருவம் சறுக்கியவருக்கு முன்பைவிடக் கூடிய விலை!

● பத்திரண ஆடிய காலத்தில் சேப்பாக்கம் இலங்கை வீரருக்குக் கைதட்டியது. 2013இல் நிலைமை வேறு. தமிழ்நாடு முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, அந்த ஆண்டு சென்னையில் நடந்த ஐபிஎல் போட்டிகளில் இலங்கை வீரர்கள் யாரும் ஆடவில்லை.

● அதற்கு முன் 2008 முதல் 2010 வரை சென்னைக்காகப் பந்து வீசியவர் முத்தையா முரளிதரன். 2010இல் சென்னை வென்ற முதல் கிண்ணத்தில் அவருடைய உழைப்பும் உண்டு. அவருடைய தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து இந்த மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்தவர். அந்தக் குடும்பத்தின் பேரன்தான் டெஸ்டில் 800 விக்கெட்டுகள் எடுத்தார். அந்த எண்ணிக்கையை வேறு எவரும் எட்டவில்லை.

இருட்டில் தெரிந்த வெளிச்சம்

● சென்னையின் கடைசி வாரங்களைத் தாங்கிப் பிடித்த மூன்று இளைஞர்களுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. ஆயுஷ் மாத்ரே, டெவல்ட் ப்ரெவிஸ், உர்வில் பட்டேல் ஆகிய மூவரையுமே 2025 பருவத்துக்கான ஏலத்தில் எந்த அணியும் வாங்கவில்லை. காயமடைந்தவர்களுக்குப் பதிலாகத்தான் உள்ளே வந்தார்கள். கோடிகள் கொடுத்துச் சேர்த்தவர்கள் தடுமாறியபோது, யாரும் கேட்காதவர்கள் அணியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

● மாத்ரேக்கு அப்போது 17 வயது. மே 3ஆம் திகதி பெங்களூருவில் 214 என்ற இலக்கைத் துரத்தும்போது 48 பந்துகளில் 94 அடித்தார். சென்னை தோற்றது வெறும் 2 ஓட்டங்களால்.

● மே 7ஆம் திகதி கொல்கத்தாவில் 180 இலக்கு. தொடக்க வீரர்கள் இருவரும் பூச்சியம். 60 ஓட்டங்களுக்குள் 5 விக்கெட் போய்விட்டது. அங்கிருந்து ப்ரெவிஸ் ஒரே ஓவரில் 30 ஓட்டங்களை விளாசினார். 25 பந்துகளில் 52. சென்னை 2 விக்கெட்டுகளால் வென்றது. விக்கெட்டைப் பூட்டி வைத்துத் தோற்ற அணி, விக்கெட்டைப் பார்க்காமல் ஆடி ஜெயித்த இரவு அது.

● மே 25ஆம் திகதி கடைசிப் போட்டி. எதிரே புள்ளிப் பட்டியலின் உச்சியில் இருந்த குஜராத். சென்னை குவித்தது 230. குஜராத்தை வீழ்த்தியது 83 ஓட்டங்களால். அடியில் இருந்த அணியிடம் வாங்கிய அந்த அடியால் குஜராத் முதல் இரண்டு இடங்களுக்குள் முடிக்கும் வாய்ப்பை இழந்தது.

● இளைஞர்களை நம்பலாம் என்ற இந்தப் பாடத்தைச் சென்னை நிர்வாகம் படித்ததாகவே தெரிகிறது. 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. டிசம்பர் ஏலத்தில், இந்திய அணிக்கு அதுவரை ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இரு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி ரூபாய் கொடுத்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலை சில மாதம் மொட்டையாகத்தான் தெரியும். ஆனால் கொழுந்து துளிர்ப்பது அந்த வெட்டிலிருந்துதான்.

கடைசியிலிருந்து எழுந்தவர்கள்

● 2008இல் ஐபிஎல்லின் முதல் கடைசி அணி டெக்கான் சார்ஜர்ஸ். 14 போட்டிகளில் 2 வெற்றி. அடுத்த ஆண்டே, 2009இல், அடம் கில்கிறிஸ்ட் தலைமையில் அதே அணி கிண்ணத்தை வென்றது. நமது சமிந்த வாஸ் அந்த அணியில் இருந்தார்.

● 2009இல் கடைசி இடத்தில் இருந்த கொல்கத்தா 2012இல் சம்பியன். சென்னையைப் போலவே ஐந்து கிண்ணம் வென்ற மும்பை 2022, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் கடைசி இடம். 2025இல் ப்ளே ஓஃப். 17 பருவங்கள் கிண்ணமே இல்லாமல் காத்திருந்த பெங்களூரு 2025 ஜூன் 3ஆம் திகதி அதைத் தொட்டது.

● நம் மத்திய மாகாணத் தலைநகரின் பெயரைத் தாங்கிய கண்டி அணியும் இப்படித்தான். லங்கா பிரிமியர் லீக்கில் 2020இல் கடைசி, 2021இலும் கடைசி. 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி தம்புள்ளையை வென்று சம்பியன்.

● அமெரிக்காவில் பேஸ்போல் அணிகள் ஒரு பருவத்தில் 162 போட்டிகள் ஆடுகின்றன. 2024இல் சிக்காகோ வைட் சொக்ஸ் அவற்றில் 121இல் தோற்றது. நவீன காலத்தில் அதுவே மிகக் கூடிய தோல்வி. அதற்கு முன் அந்தப் பெயரைச் சுமந்தது 1962இல் 120 தோல்வி கண்ட நியூயோர்க் மெட்ஸ். அதே மெட்ஸ் ஏழே ஆண்டுகளில், 1969இல், உலகத் தொடரை வென்றது.

நமக்கு என்ன?

● கடைசி இடம் ஒரே இரவில் வருவதில்லை. பழைய பெயர்களை நம்பிப் புதிய பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்காதபோது வருகிறது. கதவு திறந்ததும் மேலே ஏறும் வழியும் தெரிகிறது. 2025 சென்னையின் கதை சொல்வது இதைத்தான்.

● நம் மலையிலும் திறக்க வேண்டிய கதவு உண்டு. லிந்துலைப் பக்கம் ரதல்லையிலும் டிக்கோயாப் பக்கம் தரவளையிலும் தோட்டத் துரைமார் காலத்திலிருந்தே நல்ல கிரிக்கெட் மைதானங்கள் இருக்கின்றன. ஆனால் லயத்துப் பிள்ளைகளில் பலர் இன்றும் சரிவான முற்றத்தில் மென்பந்தோடுதான் ஆடுகிறார்கள். பள்ளத்தில் உருண்ட பந்தைத் தேடி எடுக்கும் நேரமே ஆடும் நேரத்தைவிடக் கூட. கடினப்பந்து, கால்காப்பு, ஒரு சமதரை, வாரத்தில் இரண்டு நாள் ஒரு பயிற்றுநர்: திறமையை வெளியே கொண்டுவர இவை போதும்.

● வாசகர்களே, உங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில், தோட்டத்து இளைஞர் கழகத்தில், கோவில் திருவிழாக் கணக்குப் பார்க்கும் நாளில் இந்தப் பேச்சை எடுங்கள். பிள்ளைகளுக்கு மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அடுத்ததாக ஒரு கடினப்பந்தும் வாங்கிக் கொடுப்போம்.