அகதியாய் வந்தவர் அமைத்த உணவகம்: வாரிசுகள் மோதும் தில்லி வழக்கு

புது தில்லி: பெஷாவரில் உணவகத் தொழிலாளியாக இருந்து, தேசப் பிரிவினையின்போது அகதியாக தில்லிக்கு வந்தவர் குந்தன் லால் குஜ்ரால். 1947-இல் தரியாகஞ்ச் பகுதியில், குந்தன் லால் ஜக்கி, தாக்கூர் தாஸ் ஆகியோருடன் இணைந்து "மோதி மஹால்" உணவகத்தைத் தொடங்கினார். பெஷாவரில் அவர் வேலை பார்த்த உணவகத்தின் பெயரும் அதுவே.

பிரிவினையின்போது சுமார் 5 லட்சம் அகதிகள் தில்லியில் குடியேறினர். அவர்கள் கொண்டுவந்த தந்தூர் அடுப்புச் சமையல் தலைநகரின் ருசியையே மாற்றியது. "மோதி மஹாலின்" வாடிக்கையாளர்களுள் பிரதமர் ஜவாஹர்லால் நேருவும் ஒருவர். 1997-இல் குஜ்ரால் மறைந்தார். மகன், பேரன் எனத் தொழில் தொடர்ந்தது.

இரு குடும்பங்கள்

அடுப்பில் சுட்ட கோழி உலர்ந்துபோகாமலிருக்க தக்காளி, வெண்ணெய் சேர்த்த குழம்பில் இட்டதே "பட்டர் சிக்கன்". இதைக் கண்டறிந்தவர் யார்? தம் தாத்தாவே என்கிறார் குஜ்ராலின் பேரன் மோனிஷ் குஜ்ரால். இல்லை, ஜக்கிதான் என்கிறது, ஜக்கியின் பேரன் பங்குதாரராக 2019-இல் தொடங்கிய "தரியாகஞ்ச்" உணவக நிறுவனம். அதன் விளம்பர வாசகத்தை எதிர்த்து, சுமார் ரூ.2 கோடி இழப்பீடு கோரி, 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது குஜ்ரால் குடும்பத்தின் வழக்கு. மனு 2,752 பக்கங்கள். 1949-ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை எதிர்த்தரப்பு சான்றாகக் காட்டுகிறது. எவரும் அந்த உணவைச் சமைப்பதைத் தடுப்பது வழக்கின் நோக்கமல்ல. கண்டறிந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையே பிரச்னை.

உரிமை தந்த வாழ்வு

பாட்டனின் பெயருக்காக இரு வீட்டாரும் நீதிமன்றப் படியேறியிருக்கின்றனர். ஆனால், அந்தப் பாட்டன்மார் கடை வைத்துப் பெயர் வாங்க முடிந்தது எதனால்? 1947 செப்டம்பரிலேயே மத்திய அரசு மறுவாழ்வுக்கெனத் தனி அமைச்சகம் அமைத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை பெற வழிசெய்தது. உழைப்பும் ஒற்றுமையும் அவர்களுடையவை. நிலையான வாழ்வுக்கான உறுதியை அளித்தது நாடு.

1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு அந்த உறுதி கிட்டவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. அவர்களிடமும் கைத்தொழில் உண்டு, குடும்பப் பாசம் உண்டு. பேரப் பிள்ளைகள் உரிமை கொண்டாட ஒரு கடையேனும் மிஞ்ச வேண்டுமானால், முதலில் குடியுரிமை வேண்டும். அதை வழங்க வேண்டிய இடம் நாடாளுமன்றமே.