நாகலகம் வீதி அளவுகோலும் திரையில் ஒரு பெட்டியும்

களனி கங்கை கொழும்பை என்ன செய்யப்போகிறது என்பதை கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில் உள்ள அளவுகோல்தான் சொல்லும். அங்கே 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். 2016 மே மாதம் 7 அடியையும் தாண்டியது. மேலே ஹங்வெல்லையில் ஏறும் நீர் இங்கே அதே உருவில் வந்து சேர்வதில்லை. பிந்துகிறது, உச்சி தணிகிறது, வடியவும் நாளெடுக்கிறது. உள்ளே போகும் சிக்னல் எப்படி உருமாறி வெளியே வருகிறது என்பதைச் சொல்லும் கணக்குக்கு ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்று பெயர். மோட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் போடும் இந்தக் கணக்கை ஆற்றுக்கும் தயங்காமல் போடலாம்.

இந்தக் கணக்கைப் போட லேப்வியூ, சிமுலிங்க், இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்காஸ் போன்ற மென்பொருள்களில் வரி வரியாக நிரல் எழுத வேண்டியதில்லை. திரையில் பெட்டிகளை வைத்துக் கம்பியால் இணைத்தால் போதும். மிக எளிய ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் பெட்டிக்கு இரண்டே எண்கள்: கடைசியில் எவ்வளவு உயரும் என்று சொல்லும் பெருக்கம், எவ்வளவு மெதுவாக உயரும் என்று சொல்லும் நேர மாறிலி. நேர மாறிலியை 12 மணி என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். மேலே மட்டம் சட்டென உயர்ந்து 6 மணி நேரம் நின்று இறங்கினால், கீழே முழு உயர்வில் ஏறத்தாழ 39 சதவீதம்தான் தெரியும். அதே உயரம் 12 மணி நேரம் நின்றால் 63 சதவீதம். மழை வலுக்கவே வேண்டாம், நீடித்தாலே போதும். இத்தகைய பெட்டிகளை வரிசையாகக் கோத்தால் ஏற்றம் இன்னும் இயல்பாக வரும்; நீரியலாளர் நாஷ் 1957இல் முன்வைத்த நீர்த்தேக்கத் தொடரும் இதுவே. சறுக்குவது வேறு இடத்தில். ஹங்வெல்லை அளவு மீற்றரில் வருகிறது, நாகலகம் வீதி இன்னமும் அடியில் நிற்கிறது. பெருக்கத்தில் இதைச் சேர்க்க மறந்தால் வெள்ளமே காணாமற்போகும். சிமுலிங்கின் ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் பெட்டி சுழியத்திலிருந்துதான் தொடங்கும். ஆறு அப்படித் தொடங்குவதில்லை. ஆகவே வழமையான மட்டத்தைக் கழித்துவிட்டு, ஏற்றத்தை மட்டும் உள்ளே அனுப்பி, கடைசியில் கழித்ததைக் கூட்ட வேண்டும்.

ஆறு நேர்கோட்டு விதிக்கு அடங்காது, கரை மீறியதும் நீர் தாழ்நிலங்களில் பரவிவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. முகத்துவாரத்தில் கடல் ஏற்றமும் குறுக்கிடுகிறது. ஆற்றின் ஒவ்வொரு குறுக்குவெட்டையும் கணக்கில் எடுக்கும் பெரிய மாதிரிகள் இதையெல்லாம் கையாளும். ஆனால் அவற்றுக்கு ஏராளமான அளவைகள் தேவை, பெட்டிக்கு இரு அளவுகோல்களின் பழைய பதிவுகள் போதும். கடல் மட்டத்தை இரண்டாவது கம்பியாகக் கொண்டுவந்து கூட்டலாம். கரை மீறும் மட்டத்துக்கு மேல் வேறு நேர மாறிலி கொண்ட பெட்டிக்கு மாறும்படி ஒரு சுவிட்சும் வைக்கலாம். எந்த மட்டத்தில் மாறுவது என்பதைப் பழைய வெள்ளப் பதிவுகளே காட்டித்தரும்: பெட்டி வரையும் கோடும் அளவுகோல் வரைந்த கோடும் பிரியத் தொடங்குவது அங்கேதான்.