தாராவி என்று சொல்லிப் பாடுவோர்

தாராவியில் வாழும் நம்மவருள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் மிகப் பல. அச்சீமையின் வில்லுப்பாட்டை அறியாதார் யார்? முன்பாட்டுக்காரர் கதையைச் சொல்லிக்கொண்டே பாடுவார். பின்பாட்டுக்காரர் அடியின் ஈற்றை ஏந்திக்கொண்டு 'ஆமாம்' போடுவர். வசனம் எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாது. அந்த நடையைக் கேட்டுத் தலையசைத்த பெரியோர், இன்று தம் பேரப்பிள்ளைகள் பாடும் 'ராப்' பாட்டை மட்டும் வெறும் இரைச்சல் என்று ஒதுக்குகின்றனர். அதன் வரலாற்றைச் சிறிது அறிந்தபின் தீர்ப்புச் சொல்வது நலம்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த விருந்தையே இக்கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர். அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர், ஜமைக்காவில் பிறந்து 1967 இல் அந்நகருக்குக் குடிபெயர்ந்தவர். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, இரண்டு தட்டுகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து நீட்டினார். அத்தாளத்தின்மேல் எதுகை தொடுத்துப் பேசும் வழக்கம் வளர்ந்து ராப் ஆயிற்று. வாத்தியமும் ஆசிரியரும் வாய்க்காதவர்க்கும் எட்டிய கலை அது. கடல் கடந்து மலேசியாவிலும் தமிழிளைஞர் அதனைக் கைக்கொண்டனர். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' என்னும் தொகுப்பு 2006 இல் வெளிவந்து, இவ்வகைப் பாட்டைத் தமிழுலகெங்கும் கொண்டு சென்றது. பிறந்த இடத்திலும் சரி, தமிழில் வேரூன்றிய இடத்திலும் சரி, ஊர் விட்டு ஊர் வந்தோரே இதனை வளர்த்தனர் என்பது நம் கவனத்திற்குரியது.

2010களின் தொடக்கத்தில் தாராவியில் தோன்றிய 'டோப்படெலிக்ஸ்' குழுவும் இம்மரபினதே. தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகிய நான்கும் கலந்து ஒலிப்பது இவர்தம் பாட்டு; நம் சந்துகளில் பேசப்படும் பேச்சும் அதுவேயன்றோ! இவர்களுக்குப் பெயர் தேடித் தந்த பாட்டுகளுள் ஒன்று 'ஆயி சப்பத் சாஹேப் மீ நவ்தோ' என்பது. 'தாய்மேல் ஆணை ஐயா, அது நானல்ல' என்பது அம்மராத்தித் தொடரின் பொருள். போலீசார் இளைஞரிடம் காட்டும் கெடுபிடியை அது எள்ளி நகையாடுகிறது.

2018 சூன் 7 அன்று பா. இரஞ்சித் இயக்கிய 'காலா' திரைப்படம் வெளிவந்தது. தாராவியின் மண்ணுக்காகப் போராடும் நெல்லைத் தமிழரின் கதை அது. சந்தோஷ் நாராயணன் இசையில் இக்குழுவினர் பாடியதோடு, திரையிலும் தோன்றினர். அதே ஆண்டு சனவரி 6 அன்று, அதே இயக்குநரின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியிருந்தது. பறையும் சட்டியும் கிதாரோடு முழங்க, கானாவும் ராப்பும் ஒரே மேடையில் கைகோத்தன. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் சொல்லே அக்குழுவின் பெயருக்கு அடிப்படை.

இவற்றால் நமக்கு விளைந்த நன்மை யாது என்று வினவலாம். ரயில்வேயில் சீசன் டிக்கெட் விண்ணப்பங்களைக் கையாளும் எனக்கு ஒரு வழக்கம் நன்கு தெரியும். தாராவியில் வாழ்வோர் பலர் முகவரியில் 'சயான்' என்றோ 'மாஹிம்' என்றோ எழுதுவர். தாராவி என்று எழுதினால் வேலை கிடைக்காது, பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற அச்சமே காரணம். அப்படி மறைத்த பெயரைத்தான் இப்பிள்ளைகள் ஒலிபெருக்கியின் முன் உரக்கச் சொல்கின்றனர். 2000 சனவரி 1க்கு முந்திய குடியிருப்புச் சான்று உடையோர்க்கும் இல்லாதோர்க்கும் மறுசீரமைப்புத் திட்டம் வெவ்வேறு விதி வகுத்துள்ள இந்நாளில், 'நாங்கள் இங்கேதான் பிறந்தோம்' என்று கூறும் குரலைச் சிறிதென எண்ணலாகாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. குழுவின் பெயரிலேயே போதையைச் சுட்டும் சொல் இருப்பதும், சில பாட்டுகளிற் கொச்சைச் சொற்கள் வருவதும் பெற்றோரை உறுத்துவது இயல்பே. ஆனால் வசைபாடிய காளமேகத்தை நாம் தள்ளிவிடவில்லை. அவர் சொல்வன்மையை இன்றும் மெச்சுகிறோம். பிள்ளைகளைத் திருத்த வேண்டுமாயின் முதலில் அவர்கள் பாட்டைச் செவிமடுக்க வேண்டும்.

மத்திய ரயில் பாதைக்குக் கிழக்கே, 1952 இல் தொடங்கிய சபையின் முயற்சியால் 1963 இல் எழுந்தது சண்முகானந்தா மண்டபம். நம் முன்னோர் கருநாடக இசைக்கு அம்மாளிகையை எழுப்பியது பெருமைக்குரியது. பாதைக்கு மேற்கே வாழும் பிள்ளைகளுக்கோ சந்தும் மொட்டைமாடியும் கைப்பேசியுமே அரங்கு. வரும் பொங்கல் விழாவில் இவர்க்கு அரைமணி நேரம் ஒதுக்குமாறு நம் சங்கத்தாரை வேண்டுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை வைக்கலாம்: பாட்டின் தமிழ்ப் பகுதியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொணர வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பிள்ளைகள் பலர் இதனை முன்னிட்டேனும் நம் நெடுங்கணக்கைக் கற்பர். பாட்டு அவர்களுடையதாகவும் எழுத்து நம்முடையதாகவும் ஒரு மேடையில் சேர்ந்தால், இரு தலைமுறைக்கும் ஆதாயமே.