சுக்கான் பிடித்த கையும் ஆளில்லாப் படகும்

பண்ணைக் கடலுக்குக் குறுக்கே வீதி வருவதற்கு முன் வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் வள்ளம்தான். ஆழமில்லாத கடல்தான். ஆனாலும் வாடை ஒரு பக்கம் தள்ளும், சோளகம் மறுபக்கம் தள்ளும். இரண்டுக்கும் ஈடுகொடுத்து வள்ளத்தைத் துறையில் சேர்த்தவர் சுக்கானில் இருந்த ஓட்டி. இன்று யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் வேலணை வங்களாவடியில் இறங்கலாம், புங்குடுதீவுக்கும் தரைவழியே போய்விடலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுக்குத்தான் இன்னமும் கடல் தாண்ட வேண்டும்.

அப்படித் தாண்டும்போது ஓட்டியின் கையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். சோளகக் காலத்தில் குறிகட்டுவான் துறையிலிருந்து படகு வெளிக்கடலுக்கு வந்ததும் அலை பக்கவாட்டில் மோதி அணியம் திரும்பும். எவ்வளவு திரும்பிவிட்டது என்பதோடு, எவ்வளவு கெதியாகத் திரும்புகிறது என்பதையும் அவர் கணிக்கிறார். அணியம் நேருக்கு வந்து சேருமுன்பே சுக்கானை எதிர்ப்பக்கம் சற்றுக் கொடுக்கிறார். கொடுக்காவிட்டால் படகு நேரைத் தாண்டி மறுபக்கம் ஓடிவிடும். காற்று விடாமல் ஒரே பக்கம் தள்ளுகிறதென்றால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுக்கானைச் சற்றுச் சாய்த்தே வைத்துக்கொள்கிறார். இந்த மூன்றையும் பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே செய்கிறார்.

ஆளில்லா வாகனங்களை இன்று ஓட்டுகிற கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் முக்கியமான வேர் ஒன்று இந்தக் கையில்தான் இருக்கிறது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நிக்கொலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியியலாளர், கப்பலில் சுக்கான் பிடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து, 1922இல் அதைக் கணிதமாக எழுதினார். இப்போதுள்ள பிழை, இதுவரை சேர்ந்துவந்த பிழை, பிழை மாறும் வேகம் ஆகிய மூன்றையும் கூட்டிச் சுக்கானைத் திருப்பு என்பதே அதன் சாரம். பிறகு ‘நியூ மெக்சிக்கோ’ என்ற போர்க்கப்பலில் சோதித்தார்கள். முதல் இரண்டை மட்டும் வைத்து ஓட்டியபோது கப்பல் திசையிலிருந்து 2 பாகை வரை விலகியது. மூன்றாவதையும் சேர்த்ததும் விலகல் ஒரு பாகையில் ஆறிலொன்றாகக் குறைந்தது. அனுபவமுள்ள மாலுமிகளிலும் பலருக்குக் கைவராத துல்லியம் அது. ஆனாலும் மாலுமிகள் எதிர்த்ததால் கடற்படை அந்தக் கருவியை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் கையைப் பார்த்து எழுதிய கணக்கே தங்கள் வேலையைப் பறிக்க வந்தால் யார்தான் பொறுப்பார்கள்?

அந்தக் கணக்கு இன்று எங்கும் இருக்கிறது. கலியாண வீட்டில் படம் பிடிக்கும் ட்ரோன் காற்றில் அலையாமல் ஒரே இடத்தில் நிற்பதற்கும், தொழிற்சாலையில் ரோபோக் கை நினைத்த இடத்தில் நிற்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ட்ரோனுக்குள் அந்தக் கணக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது.

ஓட்டிக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. வெறும் படகும் சனமும் சாமானும் ஏற்றிய படகும் சுக்கானுக்கு ஒரேமாதிரிப் பணியாது. பாரம் மாறினால் கையும் மாற வேண்டும். அந்தக் கையைப் போல ஓடும்போதே தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் இயந்திரத்தை எப்படி நம்பலாம், எப்போது அது நிலை தடுமாறும் என்ற ஆராய்ச்சிக்கு உழைத்தவர்களில் முன்வரிசையில் இருப்பவர் கும்பதி நரேந்திரா. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். அனுராதா அண்ணாசுவாமியுடன் சேர்ந்து அவர் 1989இல் வெளியிட்ட நூல் இத்துறை மாணவர்களுக்கு அடிப்படை நூல்.

கடலிலும் மாற்றம் நமக்குக் கிட்ட வந்துவிட்டது. 2024 ஒக்டோபரில் ‘மாதங்கி’ என்ற ஆளில்லாப் படகு மும்பையிலிருந்து தூத்துக்குடி நோக்கி 1,500 கிலோமீற்றர் பயணத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டது.

திசை பிடிப்பதில் இயந்திரம் வென்றுவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் கடலின் நிறத்தைப் பார்த்துத் திடலை ஒதுக்குவது, வலை கிடக்கும் இடத்தைச் சுற்றிப் போவது, இன்றைக்குப் போகவேண்டாம் என்று கரையிலேயே முடிவெடுப்பது, இவையெல்லாம் இன்னும் முழுதாக எழுதப்படாத கணக்குகள். அவற்றை அறிந்தவர்கள் தீவுப்பகுதித் துறைகளில் இன்றும் தொழில் செய்கிறார்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் இயங்கிவருகிறது. அங்கு படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். சாய்வையும் திரும்பும் வேகத்தையும் அளக்கும் உணரிகள் உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. ஓட்டியிடம் அனுமதி கேட்டு ஒரு கைபேசியைச் சுக்கான் பிடியிலும் இன்னொன்றைப் படகின் உடலிலும் கட்டுங்கள். ஒரு சோளகக் காலம் முழுவதும் பதிவு செய்யுங்கள். அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்து நீங்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரை வெளிவரும்போது அந்த ஓட்டியின் பெயரும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.