குழை தின்னும் ஆமைக்குச் சோறு எதற்கு?

கரவெட்டியில் ஆடு கட்டியிருக்கும் வளவுகள் இன்றும் உண்டு. விடிந்ததும் வேலியில் பூவரசங் குழையை முறித்துக் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. எந்தக் குழையை ஆடு விரும்பித் தின்னும், எதைத் தின்றால் வயிறு ஊதும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே வளவுக்கு வன்னிப் பக்கமிருந்து யாரோ ஒரு தரையாமையைக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டும் இந்த அறிவு எவருக்கும் நினைவு வருவதில்லை. பிளாஸ்டிக் பேசினுக்குள் விட்டு, சோறும் பாண் துண்டும் கதலிப்பழமும் வைப்பார்கள். ஆமை தின்னும். தின்கிறதே என்று மறுநாளும் வைப்பார்கள். அதன் வயிறோ ஆட்டின் வயிற்றைப் போலக் குழைக்கும் புல்லுக்கும் ஆனது.

இங்கே பேசுவது நட்சத்திர ஆமையைப் பற்றி. தென்னிந்தியா, வடமேற்கு இந்தியாவும் அதையொட்டிய பாகிஸ்தான் பகுதியும், இலங்கையின் உலர்வலயம் ஆகியவையே அதன் இயற்கை வாழிடங்கள். கறுத்த ஓட்டில் ஒவ்வொரு தகட்டின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரிந்து செல்லும். காய்ந்த புல்லுக்குள் அது அசையாமல் இருந்தால், ஒரு முழத் தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கும் தட்டுப்படாது. பெண் ஆமைதான் பெரிது. இலங்கைப் பெண் ஆமைகள் ஓட்டின் நீளத்தில் 30 சென்ரிமீற்றரையும் தாண்டுவதுண்டு. இதை வீட்டில் பிடித்து வைத்திருப்பது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். எப்படி வளர்ப்பது என்று கேட்டு வருபவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைப்பதே முறை. ஆனால் ஒப்படைக்கும் நாள்வரைக்கும் அது தின்ன வேண்டும், படுக்க வேண்டும். சட்டத்துக்கு உட்பட்டு ஆமை வளர்க்கும் நம்மவர்கள் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். ஆகவே உடற்கூற்றுக்கு வருவோம்.

ஆமைக்குப் பல் கிடையாது. நகம் போன்ற கொம்புப் பொருளாலான தாடை விளிம்புதான் அதன் அரிவாள். அறுகம்புல்லைக் கண்டால் தலையைச் சற்றுச் சரித்துக் கவ்வி, முன்காலால் தாளை மிதித்துக்கொண்டு, கழுத்தைப் பின்னுக்கு இழுக்கும். புல் அறுபடும் சத்தம் பக்கத்திலிருந்தால் கேட்கும். மெல்லுவது இல்லை, அப்படியே விழுங்கும். அரைக்காமல் போன அந்த நாரையெல்லாம் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பல நாட்கள் எடுத்து நொதிக்கவைத்து உணவாக்குகின்றன. சோற்றிலும் பாணிலும் வாழைப்பழத்திலும் உள்ள மாச்சத்தும் சீனியும் இந்த நுண்ணுயிர்க் கூட்டத்தின் சமநிலையைக் குலைக்கின்றன. வயிற்றோட்டம் அப்படித்தான் தொடங்குகிறது. உடல் வெப்பத்தை வெளியிலிருந்தே பெறும் விலங்கு என்பதால் வாடைக்காற்றும் மழையுமாகக் குளிர்ந்து கிடக்கும் மார்கழி நாட்களில் இந்தச் சமிபாடும் மந்தமாகும். அந்த நாட்களில் அது தின்னாமல் ஒதுங்கிக் கிடந்தால் வற்புறுத்தக் கூடாது.

ஆமைக்கு வேண்டியது முழுக்க வளவிலேயே கிடைக்கிறது. அறுகு முதலிய புல் வகைகள் பெரும்பங்கு. செவ்வரத்தையின் இலையும் பூவும், முசுட்டை இலை, முள் நீக்கிய நாகதாளி மடல், இடைக்கிடை முருங்கையிலை. பழம் எப்போதாவது ஒரு துண்டு. பசளி நல்லதுதானே என்று நினைப்போம். அதிலுள்ள ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைப் பிடித்துக் கட்டிவைத்து உடலுக்குச் சேரவிடாது. தினமும் கொடுத்தால் கேடு. அலரி, எருக்கலை, குறோட்டன் மூன்றும் நஞ்சு. அவற்றின் நிழலில்கூட ஆமையை மேயவிடாதீர்கள். தோட்டத்தில் மருந்தடித்த பக்கத்துப் புல்லும் அப்படியே. பால், இறைச்சி, நாய்த் தீனி எதுவும் வேண்டாம்.

கல்சியத்தை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ஆமையின் ஓடு என்பது எலும்பு. விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து இணைந்ததே முதுகோடு. கல்சியம் குறைந்தால் உடல் அந்த எலும்பிலிருந்தே கடன் வாங்கும். ஓடு மெத்தென்றாகும், கால்கள் வளையும், தாடை தளரும். இதெல்லாம் ஒரே நாளில் தெரிவதில்லை. ஆமை கத்தாது, முனகாது. கண்ணுக்குத் தெரியும்போது மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கடந்திருக்கும். அதனால்தான் தின்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், மாதமொருமுறை தராசில் நிறுத்து எழுதி வைக்கச் சொல்கிறார்கள் விலங்கு மருத்துவர்கள்.

உணவு திருந்தினால் உடல் திரும்புவதும் உண்டு. அத்திலாந்திக் கடலின் சென் ஹெலனாத் தீவில் ஜொனதன் என்ற பேராமை வாழ்கிறது. 1832ஐ ஒட்டிப் பிறந்ததாக மதிக்கப்படுகிறது. 1882இல் சீசெல்ஸிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்தது. முதுமையில் பார்வையும் மோப்பமும் போய், புல்லைச் சரியாகத் தேடித் தின்ன முடியாமல், தாடை விளிம்பு உதிரத் தொடங்கியது. தீவின் விலங்கு மருத்துவர் ஜோ ஹொலின்ஸ் வாராவாரம் மரக்கறியும் பழமும் கையால் ஊட்டத் தொடங்கினார். தேய்ந்த விளிம்பு மறுபடி கூராக வளர்ந்தது. அந்த வயதிலும்!

கல்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள விற்றமின் டி3 வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் தோலில் பட்டால் அது உடலிலேயே உருவாகும். கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெயிலில் அந்தக் கதிர் இராது, கண்ணாடி தடுத்துவிடும். கரவெட்டி வெயிலில் இதற்கு விளக்கு எதுவும் வேண்டியதில்லை. காலையிலும் பின்னேரத்திலும் வெயில் படும் நிலமும், மத்தியானத்துக்கு ஒதுங்க அடர்ந்த நிழலும் போதும்.

உலர்வலயத்து விலங்குதானே, காய்ந்த இடமே போதும் என்பது பரவலான எண்ணம். நானும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வியன்னாவில் இரண்டு ஆய்வாளர்கள் ஆபிரிக்கத் தரையாமைக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஓட்டுத் தகடுகள் கூம்பு கூம்பாகப் புடைப்பதற்குப் புரதத்தைவிட வறண்ட காற்றே பெரிய காரணம் என்று கண்டார்கள். நட்சத்திர ஆமைக்கு இயல்பாகவே சிறு கூம்புகள் உண்டு என்பதால் இந்தக் கேடு எளிதில் பிடிபடாது. காட்டில் அது பகலெல்லாம் புதரடியில், சருகுக்குள் ஈரம் தங்கிய இடத்தில் ஒதுங்குகிறது. வீட்டிலும் அப்படி ஒரு மூலை வேண்டும்: கவிழ்த்த மண்சட்டியின் ஒரு பக்கத்தை உடைத்து வாசலாக்கி, உள்ளே சருகும் சற்று ஈரமண்ணும்.

அடைப்பு கம்பிவலையாக இருந்தால் ஆமை மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க அதில் முட்டி நடக்கும். வெளியே தெரியாத சுவரோ பனைமட்டை அடைப்போ நல்லது. சீமெந்துத் தரை கூடாது. அடியோடும் கால்களும் தேயும். மாரியில் வெள்ளம் நிற்கும் வளவானால் மண்ணைக் கொட்டித் திட்டியாக்க வேண்டும். குஞ்சானால் மேலே வலை தேவை, காகமும் கீரியும் விடா.

ஆமை மல்லாந்து விழுந்தால் என்னாகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதற்கு அழகான பதில் ஹங்கேரியிலிருந்து வந்தது. காபோர் டொமோகோஷ், பீட்டர் வார்கோனி என்ற இருவர், எப்படி வைத்தாலும் தானாகவே ஒரே நிலைக்கு உருண்டு வரும் ‘கோம்போட்ஸ்’ என்ற வடிவத்தை 2006இல் உருவாக்கினார்கள். அடியில் எடை எதுவும் வைக்காத, முழுக்க ஒரே பொருளாலான வடிவம் அது. பின்னர் ஆமைகளை அளந்து, 2008இல் வெளியிட்ட கட்டுரையில், உயர்ந்த கவிகை ஓடுள்ள இனங்களுக்கு ஓட்டின் வடிவமே நிமிர உதவுகிறது என்று காட்டினார்கள். கோம்போட்ஸுக்கு மிக நெருங்கிய ஓடுகளில் ஒன்று நம் நட்சத்திர ஆமையுடையது. ஆனால் உருள இடம் வேண்டும். பெட்டியின் மூலையில் மல்லாந்து சிக்கினால் வடிவம் உதவாது. நுரையீரல் முதுகோட்டுக்கு அடியில் இருப்பதால், மல்லாந்த ஆமையில் குடலும் ஈரலும் அதன்மேல் அழுத்தும். மத்தியான வெயிலில் அப்படிக் கிடந்தால் பிழைப்பது அரிது.

ஊரில் நடக்கும் இன்னொரு தவறு உயிரைக் கேட்கும் தவறு. கிணற்றுக்குள்ளும் குளத்திலும் வாழும் ஆமைகள் வேறு. பாலாமைக்கும் கறுப்புக் குளத்தாமைக்கும் விரலிடையில் சவ்வு உண்டு, நீந்தும், மீனும் தவளைக்குஞ்சும் புழுவும் தின்னும். தரையாமையின் கால் யானையின் காலைப் போலத் திரண்டிருக்கும். அதைக் கிணற்றில் விட்டால் தாண்டுபோகும். கொழும்புக் கடைகளில் விற்கும் கன்னம் சிவந்த பச்சைக் குஞ்சும் நீராமைதான், அமெரிக்க இனம். அது சலித்துப் போனதென்று எந்தக் குளத்திலும் விட்டுவிடாதீர்கள். நம் குளத்தாமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பேரப்பிள்ளைகள் ஆமை வளர்ப்பதாகச் சொல்வோருக்கு ஒன்று. அங்கே விற்கும் மத்தியதரைக்கடல் நாட்டு ஆமைகள் குளிர்காலத்தில் உறங்கும். நட்சத்திர ஆமைக்கு அந்த வழக்கம் கிடையாது, அதைக் குளிரில் உறங்கவைக்க முயன்றால் செத்துப்போகும். புறஊதா விளக்கு வெளிச்சம் தந்துகொண்டே இருந்தாலும் கதிர் மாதக்கணக்கில் குறைந்துவிடும், ஆகவே தவணைப்படி மாற்ற வேண்டும். வாங்கும்போது, வளர்ப்பிடத்தில் பிறந்ததற்கான பத்திரத்தைக் கேளுங்கள். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019 ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடி, இலங்கையும் இந்தியாவும் உள்ளிட்ட நாடுகள் கேட்டுக்கொண்டபடி, இந்த இனத்தை முதலாம் பின்னிணைப்பில் சேர்த்தது. காட்டில் பிடித்தவற்றின் பன்னாட்டு வணிகம் அதோடு தடைப்பட்டது. அதற்கு முன் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஆந்திரா, கர்நாடக எல்லையிலுள்ள ஒரே ஒரு வணிக மையத்தின் ஊடாக மட்டும் ஒரே ஆண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் குஞ்சுகள்.

வன்னிக் காட்டு வீதியில் ஒன்று குறுக்கே போவதைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வாகனத்தை நிறுத்தி, இரண்டு கையாலும் ஓட்டின் இரு பக்கமும் பிடித்து, நிலத்தை ஒட்டித் தூக்கி, அது போய்க்கொண்டிருந்த பக்கத்துக் கரையிலேயே விடுங்கள். உயரத் தூக்கினால் பயத்தில் சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்திருக்கும் நீரையெல்லாம் விட்டுவிடும். கோடையில் அடுத்த மழைவரை அதற்கு அந்த நீர் வேண்டும்.